கேட்காமல் கத்திய கருவி

மின்சாதன நெடுநாள் தாங்குதிறன் ஆய்வு மற்றும் சான்றளிப்பு மையம் எங்கள் தலைநகர் பிஷ்கெக்கின் நடுவில் ஓர் இரண்டு மாடிக் கட்டிடத்தில் இயங்கி வருகிறது. பெயரை ஒரே மூச்சில் சொல்வதற்கே தனித் தாங்குதிறன் வேண்டும் என்பதால் நாங்கள் சுருக்கமாகத் தாங்கு மையம் என்போம். கடைக்கு வரும் மின்சாதனம் எதுவானாலும் நீண்ட நாள் உழைக்குமா என்று சோதித்து, உழைக்கும் என்றால் சான்றிதழ் கொடுப்பது எங்கள் கடமை. சான்றிதழ் இல்லாததை விற்பது குற்றம். நான் கெங்கெஷ், பதினேழு வருஷமாக இங்கே பதிவாளர். சாதனங்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. அலுவலர்கள் எவ்வளவு நாள் தாங்குவார்கள் என்று தெரியும். அதிகம் உழைக்காத எதுவும் சீக்கிரம் தேய்வதில்லை.

முன்பெல்லாம் சோதனை எளிமையாக நடந்தது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் வந்தால் எங்கள் இயக்குநர் துர்தாகுன் சபாரோவிச் அதில் ஒரு மாதம் டீ போட்டுக் குடிப்பார். மாதக் கடைசியில் கெட்டிலும் அவரும் நல்லபடியாக இருந்தால் முத்திரை விழும். இஸ்திரிப் பெட்டி என்றால் அவர் வீட்டுக்குப் போகும். தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குக் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. அவற்றில் சில இன்னும் அவர் வீட்டில் சோதனையில் இருக்கின்றன.

பிறகு நாடு முன்னேறியது. வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்று எங்களுக்கு ஒரு மென்பொருளை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதற்கு சபிர் என்று பெயர் வைத்தோம். பொறுமை என்று அர்த்தம். சபிர் ஒரு கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, சோதனையில் இருக்கும் கருவியைப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை “இருக்கிறாயா?” என்று கேட்கும். கருவி “பீப்” என்று பதில் சொல்ல வேண்டும். சபிர் தன் மைக்கில் அதைக் கேட்டு, திரையில் ஒன்று கூட்டிக்கொள்ளும். இப்படிப் பத்தாயிரம் பீப் விடாமல் வந்துவிட்டால் கருவி பத்து வருஷம் உழைக்கும் என்று பொருள். கேட்டும் பீப் வராவிட்டால் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். கேட்காமல் பீப் வந்தாலும் பூஜ்யம்தான்.

இந்த இரண்டாவது விதி இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போனது. “கேக்காமப் பேசறவனை அரசாங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவோம்? அதையேதான் இதுவும் பண்ணுது. வெளிநாட்டுக்காரன் நம்மளப் புரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்கான்” என்றார்.

மே மாதம் மூன்றாம் தேதி அய்ஜரிக் வந்தாள். நாரின் மலைப்பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது, மின்னணுப் படிப்பு படித்தவள். கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றை என் மேஜையில் வைத்தாள். எங்கள் ஊர்களில் குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்பை மூட்டிவிட்டு, சூடு போய்விடக் கூடாது என்று ஒரு இடுக்கு விடாமல் அடைத்துக்கொண்டு படுப்போம். புகைபோக்கி சரியில்லை என்றால் மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு அறைக்குள் நிறைந்துவிடும். அது ஆபத்தான அளவுக்குச் சேர்ந்ததும் பெட்டி ஊரைக் கூட்டிக் கத்தும்.

“எங்க அக்கா வீட்ல அஞ்சு பேர் படுத்தாங்க, பைகே. காலையில மூணு பேர்தான் எந்திரிச்சாங்க. அக்கா எந்திரிக்கல” என்றாள். முகவரி சொல்வது மாதிரிச் சொன்னாள். பதினேழு வருஷத்தில் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யாரும் என்னை அண்ணன் என்று, எங்கள் பேச்சில் பைகே என்று, கூப்பிட்டு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. விண்ணப்பப் படிவத்தை நானே நிரப்பினேன்.

“முதல் அடுப்பு மூட்டறதுக்குள்ள சான்றிதழ் கிடைச்சிருமா?”

“பத்தாயிரம் பீப். நூத்தி நாலு நாள். ஆகஸ்ட் பாதியில உன் கையில இருக்கும், தங்கச்சி” என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. சபிரின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல வேக முறைன்னு ஒண்ணு இருக்கே. பத்து செகண்டுக்கு ஒரு பீப். ரெண்டு நாள்ல முடிஞ்சிருமே” என்றாள். அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனேன்.

துர்தாகுன் சபாரோவிச் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “பத்து வருஷத்தை ரெண்டு நாள்ல முடிக்கறதா? ஏம்மா, நான் நீராவிக் குளியல் வீட்ல தொண்ணூறு டிகிரில ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தா, வயசாயிருச்சுன்னு எனக்குப் பென்ஷன் குடுப்பானா?”

“மனுசன் வேற, மிஷின் வேறங்க.”

“அதெல்லாம் அமைச்சகம் சொல்லணும். அதுவுமில்லாம, வேகத்தை மாத்தணும்னா கடவுச்சொல் வேணும். கடவுச்சொல் உறையில இருக்கு. உறை முத்திரை வெச்சு இரும்புப் பெட்டியில இருக்கு. முத்திரையை உடைச்சா அப்புறம் அது ரகசியம் இல்லையே?”

அவள் போனதும் அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். குளியல் வீட்டில் கழித்த நேரத்தைப் பணிக்காலத்தில் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்று விளக்கம் கேட்டு. விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு முறை நினைவூட்டல் அனுப்பச் சொன்ன பிறகுதான் விளையாட்டில்லை என்று தெரிந்தது.

முதல் பூஜ்யம் மே இருபத்து நாலாம் தேதி வந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் பீப் ஆனபோது மின்சாரம் போனது. எங்கள் மையத்தில் அவசரத்துக்கென்று பெரிய பேட்டரி ஒன்று உண்டு. சரக்கறையில் பூட்டிவைத்திருந்தார்கள். சாவி சரக்கறைப் பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் தர மறுத்தார்.

“இது அவசரத்துக்கு வெச்சிருக்கறது. இப்ப எடுத்துட்டா அடுத்த அவசரத்துக்கு என்ன பண்றது?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. பேசிக்கொண்டிருந்தபோதே மின்சாரம் வந்துவிட்டது. சபிர் கண் விழித்து, சாவதானமாக 0 என்று காட்டியது.

அய்ஜரிக் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கருவியில் ஒரு குறையும் இல்லை, குறை மின்சாரத்தில் என்று அவள் சொன்னாள். மின்சாரம் எங்கள் மையத்தின் ஆய்வு வரம்புக்குள் வராது என்று நான் பதில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது பூஜ்யத்துக்குக் காரணம் நாகரிகம். அந்த ஜூனில் நகரம் முழுக்கக் கைக்கடிகார மோகம் பிடித்து ஆட்டியது. நேரம் பார்க்கிற கடிகாரம் இல்லை. நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிற கடிகாரம். எத்தனை அடி நடந்தோம், எத்தனை தடவை மூச்சு விட்டோம், நேற்றுத் தூங்கினோமா என்று நமக்கே சொல்லும். அலுவலர்கள் தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது. இயக்குநர் முதலில் வாங்கினார். அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்கள் அல்லவா நாங்கள், அந்த வாரமே எல்லோர் கையிலும் ஒன்று.

வாங்கிவிட்டோம், சரி. யார் நடப்பது? எங்கள் மையத்தில் நடக்கிற ஒரே ஆள் ஸைனாப் எஜே, அதாவது ஸைனாப் அக்கா. தரை துடைப்பதும் டீ கொடுப்பதும் குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுவதும் அவர்தான். காலையில் வந்ததும் எல்லோரும் கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிடுவோம். இரண்டு கையிலும் முழங்கை வரை கடிகாரத்தை மாட்டிக்கொண்டு அவர் மாடிப்படி ஏறி இறங்குவார்.

“எஜே, என்னோடது நேத்து ஒன்பதாயிரம்தான் காட்டுச்சு” என்று இயக்குநர் குறைப்பட்டார்.

“உங்க அறையில குப்பை கம்மியா இருந்துச்சு, அதான். நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடுங்க” என்றார் ஸைனாப் எஜே.

அந்த மாதம் ஆரோக்கியமான அலுவலகம் என்று எங்களுக்கு ஒரு பட்டயம் வந்தது. பட்டயத்தை வாங்க இயக்குநர் காரில் போனார்.

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி ஸைனாப் எஜே சோதனை அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பதினொரு கடிகாரமும் ஒரே நேரத்தில் பத்தாயிரம் அடியைத் தொட்டு, வாழ்த்துச் சொல்லிப் பீப் பீப் என்று கூவின. கேட்காத பீப். சபிர் பூஜ்யம் போட்டது. உடனே விசாரணை நடந்து, பீப் போடக்கூடிய எந்தப் பொருளும் கட்டிடத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. கைபேசி, கடிகாரம், எங்கள் தீயணைப்பு மணி எல்லாம் வெளியே போயின.

அய்ஜரிக் அன்று என்னோடு சண்டை போட்டாள். “பைகே, என் பெட்டி இன்னும் ஒரு தப்பும் பண்ணல. உங்க ஆபீஸ்தான் பெயிலாகிட்டே இருக்கு. சபிர் யாரைத்தான் சோதிக்குது?”

“உஷ்! அப்படியெல்லாம் சத்தமாப் பேசாத. அது கேட்டுட்டு இருக்கு” என்றேன்.

மூன்றாவது பூஜ்யத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆகஸ்ட் பதினாலு. கருவி ஐயாயிரமாவது பீப்பைத் தொடும் நாள். எங்கள் மக்களுக்கு ஐம்பது, அறுபது, நூறு என்று முழு எண் வந்தால் போதும், விழா எடுக்காமல் இருக்க முடியாது. மனிதனுக்கு எடுப்போம், பள்ளிக்கூடத்துக்கு எடுப்போம், அணைக்கட்டுக்கும் எடுத்திருக்கிறோம். ஐயாயிரம் பீப் போட்ட ஒரு ஜீவனை வாழ்த்தாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? மேஜை நிறையப் போர்சோக் அப்பமும் குதிரைக்கறியும் கிமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் ஜாடியும் வந்தன. ஒவ்வொருவராக எழுந்து கருவிக்கு நீண்ட ஆயுளும், நல்ல உடல்நலமும், நிறையப் பேரப்பிள்ளைகளும் வேண்டும் என்று வாழ்த்தினார்கள். எல்லோரும் உள்ளங்கைகளை விரித்து முகத்தைத் தடவி, வேண்டுதல் முடிவில் சொல்கிற ஓமீனைச் சொன்னோம்.

கடைசியில் இயக்குநர், பெரியவர்களுக்குப் போர்த்துகிற பஞ்சு வைத்துத் தைத்த சாபன் அங்கியைக் கொண்டுவந்து கருவிக்குப் போர்த்தினார். நல்ல கனமான அங்கி. மேலே வெள்ளைக் கல்பாக் தொப்பியும் வைத்தார். கைதட்டினோம். சபிர் கேட்டது. அங்கிக்குள்ளிருந்து கருவி பதில் சொல்லியிருக்கும், பாவம். இரண்டு விரற்கடைப் பஞ்சைத் தாண்டி வெளியே வரவில்லை.

0.

“நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒன்பதோட நின்னுச்சு” என்றேன்.

“அப்ப இன்னும் விழா நாள் வரலையா?” என்று கேட்டார் இயக்குநர். “கறி மிச்சமிருக்கா பாரு.”

அய்ஜரிக் அங்கியை எடுத்து மடித்து இயக்குநர் கையில் கொடுத்தாள். “நாம யாரையாவது கவுரவிச்சா, அதுக்கப்புறம் அவங்க குரல் வெளிய வர்றதில்லை. மிஷினுக்கும் அப்படித்தான் போல” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளோடு கீழே வரை போனேன். ஆகஸ்ட் பதினாலோடு நூற்று நாலைக் கூட்டினால் நவம்பர் இருபத்தாறு. அப்போது நாரினில் அடுப்பு மூட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

“அக்டோபர்ல எங்க ஊர்ல முதல் சாவு விழும், பைகே. எந்த வீடுன்னுதான் தெரியல” என்றாள். நான் பதிவாளர்தானே, பதிவு செய்தேன்.

அதன் பிறகு கருவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தோம். செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. அவள் ஊர்ப் பக்கம், கோச்கோரில், ஒரே வீட்டில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. அய்ஜரிக் அந்த வாரம் முழுக்க வரவில்லை. நான் பெருமூச்சு விடுவதைக்கூடச் சோதனை அறைக்கு வெளியேதான் வைத்துக்கொண்டேன். நவம்பர் இருபத்தாறு காலை திரையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது.

அன்று மாலை சான்றளிப்புக் குழு கூடியது. அமைச்சகத்திலிருந்து ஏழு பேர், இயக்குநர், நான், ஆக ஒன்பது பேர். பத்தாயிரமாவது பீப்பைக் குழு நேரில் கேட்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பதாரர் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பதும் விதி என்பதால் அய்ஜரிக் வெளியே நடைபாதையில் ஸைனாப் எஜேயோடு உட்கார்ந்திருந்தாள்.

தெருவில் கட்டிடங்களைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயை மாற்றுவதற்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். கட்டிடத்துக்குச் சூடு வரவில்லை. ஸைனாப் எஜே சோதனை அறையில் இரும்பு அடுப்பை வைத்து நிலக்கரி போட்டு மூட்டியிருந்தார். அடுப்புக்குழாய் பழைய புகைபோக்கியில் போய்ச் சேரும். அந்தப் புகைபோக்கி எங்கே போய்ச் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை. செப்டம்பரில் எங்கள் கட்டிடத்துக்கு ஐரோப்பிய பாணி முகப்பு மாட்டியிருந்தோம். இப்போது ஊரில் எல்லாக் கட்டிடத்துக்கும் அதுதான் மோகம். பழைய சுவரை மறைத்துப் பளபளவென்று பலகை அடிப்பது. புகைபோக்கியின் ஓட்டை அழகைக் கெடுக்கிறது என்று அதன் மேலும் ஒரு பலகை அடித்தாகிவிட்டது. ஐரோப்பிய ஜன்னல்கள் வேறு, ஈ புக இடமில்லை.

இயக்குநர் பேச எழுந்தார். தலைப்பு, தாங்குதிறனும் தேசமும். பத்து நிமிஷத்தில் அமைச்சக அதிகாரி ஒருவர் தலையை ஆட்டினார். ஆமோதிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு இன்னொருவர். இருபது நிமிஷத்தில் குழு முழுவதும் ஆமோதித்துக்கொண்டிருந்தது. எனக்கும் தலை கனத்தது, கண் செருகியது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? துர்தாகுன் சபாரோவிச்சின் சொற்பொழிவில் தூங்குவதும் நச்சுவாயுவில் மயங்குவதும் பார்வைக்கு ஒன்றுதான். அவரும் பேச்சின் நடுவில் நாற்காலியில் சரிந்தார். அதையும் உணர்ச்சி மேலிட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

திரையில் 9,996. அப்போது கருவி கத்தியது. பீப் இல்லை, ஊளை. விடாத, ஊசி மாதிரி ஏறுகிற ஊளை.

பிறகு நடந்ததை ஸைனாப் எஜே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நடைபாதையில் சத்தம் கேட்டதும் அய்ஜரிக் கதவை உதைத்தாளாம். உள்ளே வராதே, சோதனை நடக்கிறது என்று காவலாளி தடுத்தாராம். ஸைனாப் எஜே அவர் காலில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே ஓடி, துடைப்பக் கட்டையால் ஐரோப்பிய ஜன்னலை உடைத்தாராம். ஒன்பது பேரையும் கக்கத்தில் கைகொடுத்து இழுத்து வெளியே பனியில் போட்டார்கள். நான் கண் திறந்தபோது ஸைனாப் எஜே என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார். நான் விழித்த பிறகும் இரண்டு அறை கூடவே விழுந்தது.

எல்லோரும் பிழைத்தோம். மூன்று பேருக்கு வாந்தி, எல்லோருக்கும் தலைவலி. ஆம்புலன்ஸில் ஏறும்போது சபிரை எட்டிப் பார்த்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். கேட்காத ஒலி, 0.

மறுநாள் குழு மறுபடியும் கூடியது. உடைந்த ஜன்னல் வழியே பனி விழுந்தது. எல்லோரும் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பதாரருக்குச் சலுகையாக இரண்டு நிமிஷம் கொடுக்கப்பட்டது.

“அது கத்தலைன்னா இன்னிக்கு உங்களுக்கெல்லாம் ஜனாசா நடந்து அடக்கமும் முடிஞ்சிருக்கும்” என்றாள் அய்ஜரிக். “இதை விடப் பெரிய சோதனை என்ன இருக்கு?”

இயக்குநர் எழுந்து அவளுக்குத் தலை வணங்கினார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. “உனக்கு நன்றிக் கடிதம் டைப் ஆகிட்டு இருக்கு, தங்கச்சி. ஒன்பது குடும்பமும் உன் பேரைச் சொல்லும். ஆனா நன்றி வேற, விதி வேற. இது என்ன மையம்?”

“தாங்கு மையம்.”

“நேத்து அறையில எத்தனை பேர் இருந்தோம்?”

“ஒன்பது பேர்.”

“கருவியோட சேத்துப் பத்து. பத்துக்கும் ஒரே அடுப்பு, ஒரே புகை. எங்க ஒன்பது பேர்ல யாராவது கத்தினோமா?”

“இல்ல.”

“முனகினோமா? கெங்கெஷ், பதிவைப் பாரு.”

சபிரின் பதிவைப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. இல்லை என்றேன்.

“அப்ப ஒன்பது பேர் தாங்கியிருக்கோம். தாங்க முடியாமக் கத்தினது யாரு?”

குழு முழுவதும் கருவியைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கும் அது சரியான வாதமாகத்தான் பட்டது. வாயு இன்னும் தலையில் இருந்திருக்கலாம்.

“நீங்க தாங்கல, மயங்கிட்டீங்க!” என்று அய்ஜரிக் கரடியாய்க் கத்தினாள்.

“மயங்கினதும் ஒழுங்கா, சத்தமில்லாம மயங்கினோம்” என்றார் அமைச்சக அதிகாரி. அத்தோடு இரண்டு நிமிஷம் முடிந்தது.

அறிக்கை எழுதும்போதுதான் சிக்கல் வந்தது. கருவி ஏன் கத்தியது என்று காரணம் எழுத வேண்டும். புகை என்று எழுதினால் புகைபோக்கி அடைத்திருந்தது என்று எழுத வேண்டும். அடைத்தது முகப்பு என்று எழுதினால் முகப்புக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்று எழுத வேண்டும். ஒப்புதல் கொடுத்தவர் என் எதிரில் உட்கார்ந்து மருந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, “மேற்படி கருவி காரணமின்றி ஒலி எழுப்பும் தன்மையுடையது எனக் கண்டறியப்பட்டது. பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்” என்று எழுதினோம். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். நிராகரிப்பு அறிக்கையைக் கையெழுத்துகளோடு நாளிதழில் வெளியிட வேண்டும் என்பதால் அனுப்பிவைத்தோம். அடுத்த சோதனை முடியும் நாள் மார்ச் பதினொன்று. பனி உருகிவிடும்.

கையெழுத்துப் போட்ட கையோடு வெளியே வந்தேன். நடைபாதைத் திருப்பத்தில் அமைச்சக அதிகாரி அய்ஜரிக்கிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

“வீட்ல சின்னப் பசங்க இருக்காங்கம்மா. உன்கிட்ட கூட ஒண்ணு இருக்குமா?”

“சான்றிதழ் இல்லாததை விக்கறது குத்தம். இப்பதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“விக்கறதுதானே குத்தம். குடுக்கறது இல்லையே.”

அவர் போனதும் அடுத்தவர் வந்தார். ஒன்பது பேர், ஒருவர் பார்க்காமல் ஒருவர். எட்டாவதாக வந்தவர் துர்தாகுன் சபாரோவிச். ஒன்பதாவது நான். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்து, பேட்டரியைப் போட்டு என் கையில் வைத்தாள்.

“உங்களுக்காகக் குடுக்கல, பைகே. உங்க வீட்ல மூணு பிள்ளைங்க இருக்கு. கத்துச்சுன்னா உடனே ஜன்னலைத் திறந்திருங்க. வேற ஒண்ணும் யோசிக்காதீங்க.” என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெட்டியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, திருடன் மாதிரி நடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நல்ல குளிர். சமையலறையில் என் மனைவி ஜிபார்குல் அடுப்பில் கரி அள்ளிப் போட்டுவிட்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் அடுப்போரத்தில் படுத்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். சுவரில் மாட்டியிருந்த பெட்டி கத்த ஆரம்பித்தது. அதே நேரம் கைபேசியும் அடித்தது. இயக்குநர்.

“கெங்கெஷ், இங்க வீட்ல அது கத்துது! என்ன பண்ண?”

“ஜன்னலைத் திறங்க!” என்று கத்திக்கொண்டே, கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு எங்கள் ஜன்னலை நோக்கி ஓடினேன். குளிர் வரக் கூடாது என்று போன வாரம்தான் நானே சுற்றிலும் காகிதம் ஒட்டி அடைத்திருந்தேன். நகத்தால் பிராண்டினேன்.

“வெளிய மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர், தம்பி. திறக்கவே வேணாம்னு என் வீட்டுக்காரி சொல்றா. காரணமில்லாமக் கத்தும்னு அறிக்கையில போட்டிருக்காமே?”

“அதை எழுதினதே நீங்கதானே!”

“நான் எழுதினா என்ன, அரசாங்க அறிக்கை இல்லையா அது?”

திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் அமைதியாகிவிட்டது. திரும்பினேன். ஜிபார்குல் மாவுக் கையோடு நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். பெட்டியின் மூடி திறந்து தொங்கியது. பேட்டரி அவள் உள்ளங்கையில் இருந்தது.

“ஐயோ, அதை ஏன் கழட்டினே?”

“ஏன் கழட்டினேனா?” அவள் இறங்கி, மாவுப் பலகைக்கு அடியில் விரித்திருந்த நாளிதழை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “காரணமில்லாமக் கத்தும்னு போட்டிருக்கு. கீழ ஒன்பதாவது கையெழுத்து யாரோடது? புருசன் போட்ட கையெழுத்தைப் பொண்டாட்டியே நம்பலைன்னா ஊர்ல வேற யாருய்யா நம்புவா?”